மங்குகிற கண்ணாடி: முதலில் எந்தப் பக்கம் என்று தொட்டுப் பாருங்கள்

மழை ஆரம்பித்ததிலிருந்து கார் கண்ணாடி மங்குவதைப் பற்றியே கேள்வி மேல் கேள்வியாக வந்துகொண்டிருக்கிறது. அடுத்தடுத்த இதழ்களில் ஒவ்வொன்றாகச் சொல்வதை விட எல்லாவற்றையும் இந்த முறை ஒரே மூச்சில் எடுத்துக்கொள்கிறேன். ஒருவருக்குச் சொல்கிற வழி இன்னொருவருக்கு நேர் எதிராக இருக்கும், அதனால் தயவுசெய்து உங்கள் கேள்விக்கான பதிலை மட்டும் படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: ஐயா, போன மாதம் குடும்பத்தோடு வால்பாறை போனோம், காரில் ஐந்து பேர். ஆழியாறு தாண்டி ஏற ஏற நல்ல மழை. முன்கண்ணாடி உள்பக்கம் முழுக்க வெள்ளையாக மூடிக்கொண்டது. என் கணவர் ஒரு கையில் துணியை வைத்துத் துடைத்துக்கொண்டே ஓட்டினார். ஏ.சி.யைப் போடுங்கள் என்றேன். "இந்தக் குளிரில் ஏ.சி.யா, பிள்ளைகளுக்குச் சளி பிடிக்கும், வண்டியும் மேடு இழுக்காது" என்றார். யார் சொன்னது சரி? (வாசகி, பொள்ளாச்சி)

பதில்: நீங்கள் சொன்னதுதான் சரி. ஆனால் உங்கள் கணவர் மாதிரிதான் நம்மில் நிறையப் பேர் நினைக்கிறோம். ஏ.சி. என்றால் குளிர் என்றே பழகிவிட்டது. அது செய்கிற இன்னொரு வேலை, காற்றில் உள்ள ஈரத்தைப் பிழிந்து எடுப்பது. வெயில் காலத்தில் ஏ.சி. ஓடுகிற காருக்கு அடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுமே, அது முழுக்கக் காற்றிலிருந்து பிழிந்த தண்ணீர்தான்.

கண்ணாடி ஏன் மங்குகிறது என்பதை இங்கேயே கொஞ்சம் நிதானமாகப் பார்த்துவிடுவோம், மற்ற பதில்களுக்கும் இது வேண்டும். காற்று எவ்வளவு சூடாக இருக்கிறதோ அவ்வளவு அதிகமாக நீராவியைத் தாங்கும். 30 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியை வைத்துக்கொள்ளும். 20 டிகிரியில் 17 கிராம், 10 டிகிரியில் 9 கிராம் சொச்சம், அவ்வளவுதான். ஈரக் காற்று ஒரு குளிர்ந்த பரப்பைத் தொட்டதும், அதற்கு மேல் தாங்க முடியாத மிச்சத்தை அங்கேயே துளியாக இறக்கிவிடும். எந்த வெப்பநிலையில் இறக்க ஆரம்பிக்கிறதோ அதைப் பனிநிலை என்பார்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வைத்த எவர்சில்வர் சொம்பு வியர்ப்பதும் இதனால்தான். கண்ணாடியில் இறங்கும் துளிகள் ஒவ்வொன்றும் மிகச் சின்னது, ஒவ்வொன்றும் வெளிச்சத்தை ஒவ்வொரு பக்கம் சிதறடிக்கும், அதனால்தான் தண்ணீர் நிறமில்லாமல் இருந்தாலும் கண்ணாடி வெள்ளையாகத் தெரிகிறது.

இப்போது உங்கள் காருக்கு வருவோம். ஒரு காருக்குள் இருக்கும் காற்று ஏறக்குறைய 3 கன மீட்டர். மலையில் மழை நேரம், கண்ணாடி 15 டிகிரிக்கு இறங்கியிருக்கிறது என்று வையுங்கள். அந்த வெப்பநிலையில் இந்தக் காற்று முழுவதும் சேர்ந்து தாங்குவது சுமார் 38 கிராம் தண்ணீர்தான், அதாவது இரண்டரை மேசைக்கரண்டி. நாம் விடும் மூச்சு கிட்டத்தட்ட உடம்புச் சூட்டில், ஈரம் நிறைந்து வெளியே வருகிறது. ஒரு ஆள் மூச்சிலேயே மணிக்கு 15 கிராம் போல விடுகிறார், ஐந்து பேருக்கு 75 கிராம். ஜன்னலை எல்லாம் ஏற்றிவிட்டு உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் கார் நிரம்பிவிடுகிறது. இது போக நனைந்த குடை, ஈரத் தலை, மழையில் இறங்கி ஏறிய செருப்பு, பிள்ளைகள் அருவியில் குளித்துவிட்டுப் பிழிந்து வைத்த துணி என்று எல்லாமே கணக்கில் சேரும். துணியால் துடைத்தால் அந்த ஈரம் காரை விட்டு எங்கும் போவதில்லை, துணிக்குப் போய்த் திரும்பக் காற்றுக்கு வருகிறது, மறுபடி கண்ணாடியில் உட்கார்கிறது.

என்ன செய்ய வேண்டும் என்றால், முதலில் முன்கண்ணாடிக்குக் காற்றை அனுப்பும் பட்டனைப் போடுங்கள் (வளைந்த கண்ணாடிப் படத்தில் மூன்று அம்புகள் நெளிந்து மேலே போகும், சதுரமாக இருப்பது பின்கண்ணாடிக்கு). ஏ.சி.யைப் போடுங்கள், அதோடு சூட்டுத் திருகியைச் சிவப்புப் பக்கம் திருப்புங்கள். இரண்டையும் சேர்த்துப் போடலாமா என்று தயங்க வேண்டாம், அப்படிச் சேர்த்துப் போடத்தான் வண்டியை அமைத்திருக்கிறார்கள். காற்று முதலில் ஏ.சி.யின் குளிர்ந்த சுருளில் பட்டு ஈரத்தை விடுகிறது, அப்புறம் எஞ்சின் சூட்டில் காய்ந்து வெளியே வருகிறது. பிள்ளைகள் மேல் படுவது இதமான சூடுதான், சளி பிடிக்காது.

அப்புறம், கார் படத்துக்குள் அம்பு வட்டமாக வளைந்திருக்கும் பட்டன் ஒன்று உண்டு, உள்காற்றையே சுற்றிச் சுற்றி விடுவது. அதை அணைத்து வெளிக்காற்றை எடுக்கவிடுங்கள். வெளியேதான் மழை கொட்டுகிறதே, அந்த ஈரக் காற்றை ஏன் உள்ளே விட வேண்டும் என்று கேட்பீர்கள். வெளியே 15 டிகிரியில் காற்று ஈரத்தால் நிறைந்தே இருந்தாலும் அதில் இருப்பது கன மீட்டருக்கு 13 கிராம்தான். அதை 25 டிகிரிக்குச் சூடாக்கினால் தாங்கும் அளவு 23 கிராம் ஆகிவிடும், ஆக பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் நிறைந்திருக்கிறது. நடுவில் ஏ.சி. அதை 5 டிகிரிக்குக் குளிரவைத்துப் பிழிந்திருந்தால் மிஞ்சுவது 7 கிராம்கூட இல்லை. அப்படிப்பட்ட உலர்ந்த சூட்டுக் காற்று கண்ணாடியில் பட்டால் படிந்ததை ஓரிரு நிமிடத்தில் குடித்துவிடும்.

மேடு இழுக்காது என்பதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. சின்ன எஞ்சின், ஆளும் நிறைய என்றால் ஏ.சி. போட்டதும் இழுவை குறைவது காலில் தெரியும். இரண்டாம் கியரில் நிதானமாக ஏறட்டும். ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன, பாதை தெரியாமல் வேகமாக ஏறி யாருக்கு என்ன பயன்?

இதில் ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை, எனக்கே நேர்ந்ததால் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் மேட்டுப்பாளையத்திலிருந்து வாடகைக் காரில் கோத்தகிரிக்குப் போய்க்கொண்டிருந்தோம். சமவெளி முழுக்க ஏ.சி. ஓடியது. மலை ஆரம்பித்ததும் ஓட்டுநர் ஏ.சி.யை அணைத்துவிட்டு வெறும் புளோயரை மட்டும் விட்டார், மேட்டுக்கு எல்லாரும் செய்வதுதான். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, முன்கண்ணாடி முழுக்க ஒரே வெள்ளை. அந்த நேரம் பார்த்து வளைவில் மேலேயிருந்து ஒரு பஸ் இறங்குகிறது, இவர் ஒரு கையால் துண்டைத் தேடுகிறார். பஸ்காரர் பிரேக் போட்டதால் பிழைத்தோம். நடந்தது இதுதான்: ஏ.சி.யை அணைத்த உடன் அந்தச் சுருளில் ஒட்டியிருந்த தண்ணீர் அத்தனையும் ஆவியாகி, புளோயர் காற்றோடு நேராகக் கண்ணாடிக்கு வந்துவிட்டது. மலைப்பாதையில் ஓடுகிற ஏ.சி.யை வழியில் அணைக்கவே அணைக்காதீர்கள். அணைத்தே ஆக வேண்டும் என்றால் ஓரமாக நிறுத்தி, ஜன்னலை இறக்கிவிட்டு, புளோயரைச் சிறிது நேரம் ஓடவிட்டு அப்புறம் கிளம்புங்கள். இதை உங்கள் கணவரிடம் கட்டாயம் படித்துக் காட்டுங்கள்.

கேள்வி: சார், சென்னையில் இரவு ஷிப்டு கேப் ஓட்டுகிறேன். விடியற்காலை மூன்று, நாலு மணிக்கு ஓ.எம்.ஆரில் வரும்போது முன்கண்ணாடி மங்குகிறது. கண்ணாடிக்குக் காற்று விடும் பட்டனைப் போட்டால் இன்னும் மோசமாகிறது. மெக்கானிக் கேஸ் பிடிக்கணும் என்கிறார். வண்டியில் கோளாறா? (ஓட்டுநர், சென்னை)

பதில்: பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள் தம்பி, வண்டியில் கோளாறு எதுவும் இல்லை. அடுத்த முறை மங்கும்போது உள்பக்கம் விரலால் ஒரு கோடு போட்டுப் பாருங்கள், விரல் ஈரமாகாது. வைப்பரை ஒரு முறை தட்டுங்கள், பளிச்சென்று ஆகிவிடும். உங்கள் கண்ணாடி வெளிப்பக்கம் மங்குகிறது.

சென்னையில் ஐப்பசி, கார்த்திகை இரவுகளில் காற்றின் பனிநிலை 23, 24 டிகிரி வரை இருக்கும். பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் 18-ல் வைக்கச் சொல்கிறார்கள், நீங்களும் வைக்கிறீர்கள், கண்ணாடி 20 டிகிரிக்கு வந்துவிடுகிறது. வெளியே கடற்கரைக் காற்று ஈரத்தைச் சுமந்துகொண்டு வந்து அந்தக் குளிர்ந்த கண்ணாடியில் பட்டதும் துளியாகிறது. ஏ.சி. அறையிலிருந்து வெளியே வந்தால் மூக்குக்கண்ணாடி மங்குகிறதே, அதுவேதான். நீங்கள் பட்டனைப் போட்டதும் குளிர்காற்று நேராகக் கண்ணாடியில் அடிக்கிறது, கண்ணாடி இன்னும் குளிர்கிறது, வெளியே இன்னும் படிகிறது.

பொள்ளாச்சி வாசகிக்குச் சொன்னதற்கு நேர் எதிராகச் செய்யுங்கள். காற்றை முகத்துக்கும் காலுக்கும் திருப்பிவிடுங்கள், கண்ணாடிக்கு வேண்டாம். ஏ.சி.யை 25, 26-க்கு ஏற்றுங்கள். டேஷ்போர்டின் ஓரத் துவாரங்கள் பக்கக் கண்ணாடியைப் பார்த்து இருந்தால் அவற்றையும் திருப்புங்கள், இல்லையென்றால் அந்த ஜன்னலின் வெளிப்பக்கம் மங்கி, ஓரத்தில் பைக் வருவதே தெரியாது. வைப்பரை இடைவெளி விட்டு ஓடவிடுங்கள். பயணிகளிடம் "கண்ணாடி தெரியவில்லை, கொஞ்சம் ஏற்றிக்கொள்கிறேன்" என்று தயங்காமல் சொல்லுங்கள், அவர்கள் உயிரும் சேர்ந்துதான் இருக்கிறது.

சில நாள் மழை விட்டு விட்டுப் பெய்யும்போது இரண்டு பக்கமும் மங்கும். அப்போது வைப்பரைப் போட்டுப் பார்த்து, போகாமல் மிஞ்சியதை உள்பக்கம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் பள்ளி வேன் கண்ணாடியில் ஆவி படிந்தால் நான் விரலால் பூ வரைவேன். காய்ந்ததும் பூ மறைந்துவிடும். அடுத்த நாள் மழை வந்தால் அதே பூ அதே இடத்தில் திரும்ப வருகிறது. எப்படி? (ஏழாம் வகுப்பு மாணவி, மதுரை)

பதில்: ரொம்ப நல்ல கேள்வி கண்ணு, இவ்வளவு கூர்ந்து பார்த்ததற்கே உன்னைப் பாராட்ட வேண்டும். நம் விரலில் எப்போதும் கொஞ்சம் எண்ணெய்ப் பசை இருக்கும். நீ வரைந்த இடத்தில் அது கண்ணாடியில் ஒட்டிக்கொள்கிறது, கண்ணுக்குத் தெரியாது. மறுபடி ஆவி படியும்போது பசை பட்ட இடத்தில் துளிகள் ஒரு மாதிரியும் மற்ற இடத்தில் வேறு மாதிரியும் உட்கார்கின்றன, அதனால் உன் பூ தெரிகிறது. வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியின் பாதியைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, காயவைத்து, கழுவிய பாதியிலும் கழுவாத பாதியிலும் வாயால் ஊதிப் பார். இரண்டு பக்கமும் வேறு வேறு மாதிரி மங்கும், எது அதிகம் மங்குகிறது என்று எனக்கு எழுது.

பெரியவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். வெயிலில் நிற்கும் காரில் டேஷ்போர்டு பிளாஸ்டிக்கிலிருந்து ஆவியாகிற பொருள் கண்ணாடியின் உள்பக்கம் மெல்லிய படலமாகப் படிகிறது. அதன் மேல் தூசி, டேஷ்போர்டு பாலிஷ், சாமி படத்துக்கு ஏற்றிய ஊதுபத்திப் புகை, சிகரெட் பிடித்தால் அதுவும். இந்தப் படலம் இருக்கும் கண்ணாடி சீக்கிரம் மங்கும், மங்கியது சீக்கிரம் போகாது, இரவில் எதிர் வண்டி விளக்கில் கோடு கோடாகக் கண்ணைக் கூசும். கையால் துடைத்தால் கைப்பசையையும் சேர்த்துத் தடவுகிறோம். மாதம் ஒரு முறை, வண்டி நிழலில் இருக்கும்போது, கண்ணாடி துடைக்கும் திரவம் போட்டு ஒரு துணியால் துடைத்து, இன்னொரு உலர்ந்த துணியால் தேய்த்து எடுங்கள். கடைசியாகக் கசக்கிய செய்தித்தாளால் தேய்த்தால் கோடே இருக்காது. கார் கழுவுகிறவர்கள் வெளியே பளபளவென்று ஆக்கிவிட்டு உள்பக்கத்தை விட்டுவிடுவார்கள், அதை மட்டும் நீங்களே செய்யுங்கள்.

கேள்வி: ஷாம்பு, ஷேவிங் ஃபோம், உருளைக்கிழங்கு, அரிசி மூட்டை, சிலிக்கா ஜெல் என்று வீடியோக்களில் என்னென்னவோ சொல்கிறார்களே, எது உண்மை? (வாசகர், திருச்சி)

பதில்: ஷாம்பு உண்மை. ஷேவிங் ஃபோமும் உண்மை, அதிலும் சோப்புதான் வேலை செய்கிறது. துளி துளியாக நிற்கப்போகும் தண்ணீரைச் சோப்பு இழுத்துப் பரப்பி ஒரே தகடாக்கிவிடும், தண்ணீர் படிந்தாலும் அதன் வழியாகப் பாதை தெரியும். அரை டம்ளர் தண்ணீரில் சில சொட்டு போதும், தடவி, முக்கால்வாசி காய்ந்ததும் உலர்ந்த துணியால் நன்றாகத் தேய்த்துவிடுங்கள். அதிகமாகப் போட்டால் இரவில் கூசும். சில நாள்தான் தாங்கும், திரும்பத் தடவ வேண்டும்.

இந்த விஷயம் விண்வெளி வரை போயிருக்கிறது. 1966 ஜூன் மாதம் ஜெமினி 9ஏ விண்கலத்திலிருந்து வெளியே இறங்கிய யூஜீன் செர்னன் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே பாடுபட்டார், உடம்புச் சூட்டிலும் வியர்வையிலும் தலைக்கவசத்தின் முகக்கண்ணாடி உள்பக்கம் மூடிக்கொண்டு கண் தெரியாமல் போனதால் வேலையைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. அடுத்து வந்த பயணங்களில் முகக்கண்ணாடி மங்காமலிருக்க ஒரு திரவத்தைத் தடவிக்கொண்டு போனார்கள். அடிப்படை நம் ஷாம்புவில் இருப்பதுதான்.

உருளைக்கிழங்கு வேண்டாம். மாவுப் படலம் படியும், காய்ந்தால் திட்டுத்திட்டாக நிற்கும். அரிசி மூட்டை, உப்பு மூட்டை பற்றி நம்பிக்கை வைக்காதீர்கள். சிலிக்கா ஜெல் நிஜமாகவே ஈரத்தை உறிஞ்சும், ஆனால் அளவைப் பாருங்கள்: 100 கிராம் ஜெல் ஏறக்குறைய 30 கிராம் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். ஐந்து பேர் மணிக்கு 75 கிராம் விடுகிறார்கள் என்று மேலே பார்த்தோம். ஆக ஆள் இருக்கும் காருக்கு அது போதாது, ராத்திரி பூட்டி நிற்கும் காருக்கு உதவும். நிறம் மாறியதும் வாணலியில் சிறு தீயில் சூடாக்கிக் காயவைத்துத் திரும்பப் பயன்படுத்தலாம் (அந்த வாணலியைச் சமையலுக்கு வைத்துக்கொள்ளாதீர்கள்).

மழைத் தண்ணீர் உருண்டு ஓடுவதற்கென்று ஒரு பூச்சு கடையில் விற்கிறது, அதை வெளிப்பக்கம் மட்டும் போடுங்கள். உள்பக்கம் போட்டால் தண்ணீர் துளியாகவே நிற்கும், நமக்கு வேண்டியதற்கு நேர் விரோதம்.

கேள்வி: பழைய லாரி, ஏ.சி. கிடையாது. லோடு ஏற்றிக்கொண்டு தாமரசேரி சுரம் (கேரளாவில் வயநாட்டுக்கு ஏறும் மலைப்பாதை) வழியாகப் போவேன். மழையில் கண்ணாடி மூடினால் என்ன செய்வது? அந்தக் காலத்து டிரைவர்கள் புகையிலை தேய்ப்பார்கள், அது சரியா? (லாரி ஓட்டுநர், நாமக்கல்)

பதில்: ஏ.சி. இல்லாத வண்டிக்கு ஒரே வழி, உள்ளும் புறமும் ஒரே சூட்டில் இருக்கும்படி பார்த்துக்கொள்வது. இரண்டு பக்கக் கண்ணாடியையும் நாலு விரல் அளவு இறக்கிவிடுங்கள், ஒரு பக்கம் மட்டும் இறக்கினால் காற்று குறுக்கே ஓடாது. கொஞ்சம் சாரல் அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். புளோயர் இருந்தால் வெளிக்காற்றை எடுத்துக் கண்ணாடிக்கு விடுங்கள். ஈரத் துண்டையும் லுங்கியையும் கேபினுக்குள் கொடி கட்டிக் காயப்போடாதீர்கள். கேபினுக்குள் அடுப்பு வைத்து டீ போடுவதையும் விட்டுவிடுங்கள் அண்ணே, கேஸ் எரிந்தால் அதிலிருந்தும் நீராவி வருகிறது, அதை விடப் பெரிய ஆபத்து, மூடிய கேபினில் கார்பன் மோனாக்சைடு சேர்ந்தால் வாசனையே தெரியாமல் ஆளைக் கொன்றுவிடும்.

புகையிலை தேய்ப்பது வைப்பர் ஓடாமல் போனபோது வெளிப்பக்கத்துக்காகச் செய்தது. அதன் சாறும் சோப்பு மாதிரியே தண்ணீரைப் பரப்பிவிடும், அதனால் வைப்பர் இல்லாமலும் ஓரளவு தெரியும். அவசரத்துக்குக் கைகொடுத்த வித்தை, மறுப்பதற்கில்லை. உள்பக்கம் தேய்த்தால் கறை பிடித்துவிடும், அதற்குச் சோப்புத் தண்ணீரே மேல். புதிதாகத் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம் என்று 2025-ல் ஆகியிருக்கிறது. இது ரொம்பக் காலத்துக்கு முன்பே வந்திருக்க வேண்டியது, அடுத்த வண்டி எடுக்கும்போதாவது உங்களுக்குக் கிடைக்கட்டும்.

கேள்வி: வீட்டு வாசலில்தான் நிறுத்துகிறேன். தினமும் காலையில் காரின் உள்பக்கம் எல்லாக் கண்ணாடியும் ஈரமாக இருக்கிறது. ஒருவித பூஞ்சை நாற்றமும் வருகிறது. ராத்திரி யாரும் உள்ளே இல்லையே? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: உங்கள் காருக்குள் எங்கேயோ தண்ணீர் தேங்கி நிற்கிறது. மிதியடியைத் தூக்கி, அடியில் இருக்கும் கம்பளத்தைக் கையால் அழுத்திப் பாருங்கள். நான்கு இடத்திலும் பாருங்கள், மேலே காய்ந்து கீழே பஞ்சு ஊறிக் கிடக்கும்.

முன்னால் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையின் கால் வைக்கும் இடம் ஈரமாக இருந்தால், ஏ.சி. தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்துக்கொண்டிருக்கலாம். ஏ.சி. ஓடும்போது அடியில் தண்ணீர் சொட்டுவது நின்றுபோயிருந்தால் சந்தேகமே வேண்டாம். வைப்பருக்குக் கீழே இருக்கும் பள்ளத்தில் வேப்பிலையும் சருகும் சேர்ந்து வடிகால் அடைத்தாலும் மழைத் தண்ணீர் அங்கேதான் இறங்கும், மரத்தடியில் நிறுத்துகிறவர்கள் மாதம் ஒரு முறை கையை விட்டு வாரி எடுக்க வேண்டும். மேலே திறக்கும் கூரைக் கண்ணாடி உள்ள வண்டி என்றால் அதன் மூலைகளிலும் சின்ன வடிகால் குழாய்கள் உண்டு. டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழியையும் பாருங்கள். காரணத்தைச் சரிசெய்த பிறகு கம்பளத்தை வெளியே எடுத்து முழுக்க வெயிலில் காயவையுங்கள், அரைகுறையாகக் காய்ந்தால் நாற்றம் போகாது. ஏ.சி. ஃபில்டரும் நிச்சயம் அழுக்காகியிருக்கும், மாற்றிவிடுங்கள், அது அடைத்திருந்தால் புளோயர் எவ்வளவு கத்தினாலும் கண்ணாடிக்குக் காற்று வராது.

கேள்வி: ஹீட்டர் போட்டால் கண்ணாடி மங்குகிறது, துடைத்தால் பிசுபிசுவென்று ஒட்டுகிறது, இனிப்பான ஒரு வாசனையும் வருகிறது. (வாசகர், கொடைக்கானல்)

பதில்: இதைத் தள்ளிப்போடாதீர்கள். டேஷ்போர்டுக்குள் எஞ்சின் கூலன்ட் ஓடும் சின்ன ரேடியேட்டர் ஒன்று இருக்கிறது, ஹீட்டர் கோர் என்பார்கள். அது கசிகிறது. இனிப்பு வாசனை கூலன்டில் உள்ள எத்திலின் கிளைகாலுடையது, அது விஷம். எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு கூலன்ட் மட்டம் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். குறைந்திருந்தால் மலை இறங்கி நீண்ட தூரம் போகாதீர்கள், எஞ்சினும் சூடேறிக் கெட்டுவிடும். சரிசெய்யும் வரை ஹீட்டரைப் போட வேண்டாம், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

கேள்வி: மார்கழி, தை மாதங்களில் காலையில் கார் கண்ணாடி வெளியே உறைபனியால் வெள்ளையாகிவிடுகிறது. வெந்நீர் ஊற்றலாமா? (வாசகி, ஊட்டி)

பதில்: ஊற்றவே வேண்டாம். முன்கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவில் பிளாஸ்டிக் தாள் வைத்து ஒட்டியது. பூஜ்ஜியத்தில் இருக்கும் வெளித்தகட்டில் வெந்நீர் பட்டால் அது மட்டும் சட்டென்று விரியும். ஏற்கெனவே கல் தெறித்து ஒரு சின்ன வடு இருந்தால் அங்கிருந்து விரிசல் ஓடிவிடும். வைப்பரையும் ஓட்டாதீர்கள், ரப்பர் கண்ணாடியோடு உறைந்து ஒட்டியிருக்கும், கிழிந்துபோகும். தலைகுந்தா பக்கம் இருப்பவர்கள் செய்வது போல ராத்திரியே ஒரு பழைய போர்வையோ தார்ப்பாயோ போட்டு மூடுவதுதான் எளிது. மறந்துவிட்டால் எஞ்சினைப் போட்டு, கண்ணாடிக்குக் காற்றை முதலில் குறைந்த சூட்டில் விட்டு மெதுவாக ஏற்றுங்கள், பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டி எடுங்கள். பார்க்கிற அளவுக்கு ஒரு வட்டம் மட்டும் சுரண்டிவிட்டு ஓட்டிக்கொண்டு போகிறவர்களைப் பார்க்கும்போது பயமாக இருக்கிறது, பள்ளிப் பிள்ளைகள் சாலையோரம் நடந்து வரும் நேரம் அது.

கேள்வி: வணக்கம் ஐயா, நான் ஸ்காபரோவில இருக்கிறன். வின்ரர் வந்தால் காருக்கு உள்பக்கம் கண்ணாடியில ஐஸ் பிடிக்குது. ஏன்? (வாசகர், கனடா)

பதில்: உங்கள் சப்பாத்தில் (ஷூவில்) ஒட்டி வரும் ஸ்னோதான் முக்கியக் காரணம். உள்ளே வந்து உருகுகிறது, ஆவியாகிறது, காரை நிறுத்திவிட்டுப் போன பிறகு ராத்திரி கண்ணாடியில் உறைகிறது. ஏறுவதற்கு முன் சப்பாத்தைத் தட்டிவிட்டு ஏறுங்கள். ஓரம் உயர்ந்த ரப்பர் மிதியடி போட்டு, சேரும் தண்ணீரை வெளியே கொட்டுங்கள். வீட்டுக்கு வந்து நிறுத்தும் முன் ஒரு நிமிடம் ஜன்னல்களைத் திறந்து உள்ளே இருக்கும் ஈரச்சூட்டை வெளியேற்றிவிடுங்கள், இது நல்ல பலன் தரும். உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது: மைனஸ் 10 டிகிரியில் காற்று கன மீட்டருக்கு இரண்டரை கிராம் அளவுகூட ஈரம் தாங்காது, அதை எடுத்துச் சூடாக்கினால் எந்த ஏ.சி.யும் தர முடியாத உலர்ந்த காற்று. அதனால் வெளிக்காற்றும் ஹீட்டருமே போதும், அந்தக் குளிரில் பல கார்களில் ஏ.சி. கம்ப்ரசர் தானே நின்றுவிடும், அதைக் கோளாறு என்று நினைக்க வேண்டாம். மூடிய கராஜுக்குள் எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்காதீர்கள்.

கேள்வி: பைக்கில் போகும்போது ஹெல்மெட் கண்ணாடி மங்குவதற்கும் இதே வழிகள்தானா? (கல்லூரி மாணவர், சேலம்)

பதில்: காரணம் ஒன்றுதான், உன் மூச்சு. முன்கண்ணாடியை ஒரு கிளிக் அளவு திறந்து வை, தாடைப் பக்கக் காற்றுத் துவாரத்தைத் திறந்து வை. மூக்கின் மேல் இறுகப் பிடிக்கிற முகமூடி போட்டால் மூச்சு கீழே போகும். சோப்புத் தண்ணீர் இங்கும் வேலை செய்யும், ஆனால் கண்ணுக்கு அருகில் இருப்பதால் நன்றாகத் துடைத்து எடுத்துவிடு, வியர்வையோடு கண்ணில் இறங்கினால் எரியும். ஏற்காடு மாதிரி இடங்களுக்கு அடிக்கடி போவதாக இருந்தால், உள்பக்கம் பொருத்துகிற பின்லாக் என்ற தாள் ஒன்று வருகிறது. அதற்கும் கண்ணாடிக்கும் நடுவில் மெல்லிய காற்று இடைவெளி நிற்பதால் மூச்சு படும் பக்கம் குளிராது. உன் ஹெல்மெட் கண்ணாடியில் அதற்கான இரண்டு முளைகள் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு வாங்கு, இல்லாவிட்டால் பொருந்தாது.